தவமலருக்கு நாங்கள் எழுதிய தையல் பிளான்

ஆலோசனை நிறுவனம் ஒன்றை எப்படி வளர்ப்பது என்று இந்தப் புதுப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கொப்பியும் பேனையுமாக வருகிறார்கள். சிலர் நான் கதைப்பதை ஃபோனில் பதிவு செய்கிறார்கள். நல்லதாக நாலு வார்த்தை சொல்லி, முதுகில் தட்டி அனுப்புவேன் என்று எதிர்பார்க்கிறார்கள் போல. எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும்.

எங்கள் நிறுவனம் ஒரே வருசத்தில் இரண்டு பேரிலிருந்து பதினொரு பேராக வளர்ந்தது. அதே வருசத்தில்தான் உடையார்கட்டில் தவமலர் என்ற ஒரு பொம்பிளைக்குக் கிடைக்க இருந்த கடையை நாங்கள் இல்லாமல் செய்தோம். "நாங்கள்" என்று எழுதுவதும் ஒரு கள்ளம்தான். எழுதினதும் நான், கெடுத்ததும் நான். எப்படி வளர்ந்தோம் என்று கேட்டீர்கள்தானே, இதையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும்.

1. அக்கராயன் மில்

நான் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இருபத்திரண்டு வருசம் வேலை செய்தவள். பென்சன் எடுத்த கையோடு, கண்டி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்து ஆலோசனை நிறுவனம் தொடங்கினேன். பங்குக்கு ரமணன் வந்தான். கொழும்பில் எம்.பி.ஏ. படித்த பெடியன், என்னைவிட இருபத்தைந்து வயது இளையவன். இங்கிலிஷ் அவனுக்குத் தண்ணிபட்டபாடு. எனக்கு ஊரைத் தெரியும், அவனுக்குக் கொம்பியூட்டர் தெரியும். இரண்டு கதிரை, ஒரு மேசை, ஒரு பிறின்ரர். அவ்வளவுதான் எங்கள் கொம்பனி.

முதல் வந்தவர் அக்கராயனில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர். மில்லைப் பெரிதாக்க வேண்டும், கறுப்பு அரிசியைப் பிரிக்கிற கலர் சோற்றர் மெசின் பூட்ட வேண்டும், வங்கிக்குக் காட்ட ஒரு பிஸ்னஸ் பிளான் வேண்டும் என்றார். நான் அவருடைய மில்லுக்குப் போய் இரண்டு நாள் சாக்குகளுக்கு மேலே குந்தியிருந்தேன். எத்தனை ட்ராக்டர் வருகிறது, எங்கேயிருந்து வருகிறது, மழை தூறினால் நெல்லை எங்கே இழுத்து மூடுகிறார்கள் என்று பார்த்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் அவரிடம் சொன்னேன்: "அண்ணை, உங்களுக்கு வாறது இந்தக் குளத்து நெல்லு மட்டும்தான். பெரிய மில் போட்டா வருசத்தில பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். முதல்ல நெல்லுக் காயவிட ஒரு சீமெந்துத் தளம் போடுங்கோ."

மனுசனுக்கு முகம் கறுத்துவிட்டது. பிளான் எழுதித் தரச் சொல்லி வந்தவனுக்கு வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் தளத்தைப் போட்டார். அடுத்த போகம் முடிய மூன்று பேரை அவரே எங்களிடம் அனுப்பினார். அந்த மூன்று பேர் இன்னும் சிலரைக் கூட்டிவந்தார்கள். ஒரு வருசத்தில் பதினாலு பேர் வந்தார்கள். எல்லோருடைய இடத்துக்கும் போய் இருந்து பார்த்துத்தான் எழுதினேன்.

ரமணனுக்கு அது பொறுக்கவில்லை. "இப்பிடிப் போனா கொம்பனி வளர முதல் நீங்கள் போய்ச் சேர்ந்திடுவியள் அக்கா" என்று பகிடி விடுவான். நானும் சிரிப்பேன். சிரித்திருக்கக்கூடாது. அந்த நேரமே அவனுடைய மண்டையில் ஒன்று போட்டிருந்தால் பிறகு நடந்தது ஒன்றும் நடந்திராது.

2. ஐந்து தொழில், ஒரு பட்டன்

பிறகு ரமணன் ஒரு பெரிய புரொஜெக்ற் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் முல்லைத்தீவுப் பக்கப் பெண்களுக்குத் தொழில் தொடங்க உதவுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிளான் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பிளானை அவர்களுடைய குழு ஏற்றுக்கொண்டால் அந்தப் பெண்ணுக்குத் தொழிலுக்கான சாமான் கிடைக்கும். அதோடு, உடையார்கட்டில் றோட்டுக்கரையில் புதிதாகக் கட்டியிருந்த கடைத்தொகுதியில் ஆறு அறைகள் இருந்தன. நல்ல பிளான் உள்ள ஆறு பேருக்கு அதுவும் கிடைக்கும். கரண்ட் உள்ள, கதவு பூட்டக்கூடிய, பஸ்ஸால் இறங்கினால் கண்ணில் படக்கூடிய அறை. அங்கே அதற்கு என்ன பெறுமதி என்று வீட்டு முற்றத்தில் இருந்து தொழில் செய்த ஆட்களைக் கேட்டால்தான் தெரியும்.

நூற்றி இருபது பிளான், மூன்று மாதத்துக்குள். நான் ஏலாது என்றேன். ரமணன் கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினான். படிவம் மாதிரி ஒரு போம் செய்து வைத்திருந்தான். பெயரை அடித்து, தொழிலைத் தெரிவு செய்து, பட்டனை அமத்தினால் பதினெட்டுப் பக்கப் பிளான் தானாக வந்து விழும். சந்தை நிலைமை, போட்டியாளர், எதிர்கால நோக்கு, எல்லாம் உள்ளே. தெரிவு செய்யத் தொழில் ஐந்து: கோழி, ஆடு, தையல், வீட்டுத்தோட்டம், சிற்றுண்டி.

இதில் இல்லாத தொழில் செய்கிற ஆள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். 'வேறு' என்று ஒரு பெட்டி வைக்கச் சொன்னேன்.

"'வேறு' வைச்சா எல்லாரும் அதுக்குள்ள போய் விழுவினம் அக்கா. பிறகு ஒவ்வொண்டும் கையால எழுதவேணும். அவையளுக்கும் இந்த அஞ்சுதான் விருப்பம்."

அவையள் என்றது உதவி நிறுவனத்தை. எங்களிடம் வருகிற பெண்களை அல்ல. அப்போதே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு வேலைக்குப் பிள்ளைகள் எடுக்கப்போகிறோம், இரண்டாவது அறை எடுக்கப்போகிறோம் என்ற எடுப்பு. சரி என்றேன்.

உடையார்கட்டில் பொதுநோக்கு மண்டபத்தில் மேசை போட்டு இருந்தோம். வெயிலுக்குள் லைன். நான் ஒரு மேசையில். இந்த இடத்தில் ஒன்றை விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் பிழை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. எங்கள் சனம் யுத்தம் முடிந்து முகாமில் இருந்த நாள் முதல் போம் நிரப்பிக்கொண்டு வருகிறது. கூரைத் தறப்பாளுக்கு ஒரு போம், வீட்டுக்கு ஒரு போம், கக்கூசுக்கு ஒரு போம், ஆட்டுக்கு ஒரு போம். அவ்வளவு போமும் நிரப்பிச் சனம் படித்த பாடம் ஒன்றுதான்: மேசைக்கு அங்கால் இருக்கிறவர் என்ன கேட்டாலும் ஓம் என்று சொல்லு. இல்லை என்றாலோ, எதிர்த்துக் கேள்வி கேட்டாலோ பேர் வெட்டுப்படும். எனக்கு இது தெரியாதா? நானே அந்த லைன்களில் நின்றவள். ஆடு வளர்க்க எனக்கு இடமில்லாத காலத்தில் ஆடு வேண்டும் என்று ஓம் போட்டவள். மேசைக்கு இங்கால் வந்து இருந்தவுடன் எல்லாம் மறந்துபோனது. கேட்டேன், ஓம் என்றார்கள், எழுதினேன்.

தவமலர் அப்படித்தான் என் முன்னால் வந்து இருந்தார். முப்பத்தெட்டு வயது. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். விரல் நகத்துக்குள் கறுப்பாக ஒயில் பிடித்திருந்தது. நான் அதைக் கண்டேன். கண்டும் என்ன ஒயில் என்று கேட்கவில்லை. பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.

"தையல் போடட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ், போடுங்கோ."

கையெழுத்து வாங்கி, பட்டனை அமத்தினேன். நாலு நிமிசம்கூட ஆகியிருக்காது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

3. மூன்று பம்ப்

ஒன்றரை மாதம் கழித்து, கடை அறைக்குத் தெரிவாகக்கூடிய ஆட்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து, படம் எடுத்துவரச் சொன்னார்கள். தவமலரின் பெயரும் அந்த லிஸ்றில் இருந்தது. ரமணனின் போம் எழுதின பிளான் அவ்வளவு நல்ல பிளானாம்.

நான் ஸ்கூட்டியில் போனேன். எங்கள் ஒபிசில் படம் எடுக்கிற பெடியன் எனக்கு முதலே போய்விட்டான். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது. முற்றத்தில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசின்கள் மூன்று கழட்டிப் போட்டுக் கிடந்தன. தவமலர் நிலத்தில் குந்தியிருந்து ஒரு காபரேற்றரைப் பெற்றோலில் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றிவர நாலு தோட்டக்காரர் மரத்துக்குக் கீழே காத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வள்ளிபுனத்திலிருந்து மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர்.

சைக்கிளில் வந்தவரிடம் விசாரித்தேன். மண்ணெண்ணெய் கிடைக்காமல் எல்லோரும் அல்லாடிய காலத்தில் கறள் பிடித்துக் கிடந்த மெசின்களையெல்லாம் தவமலர்தான் திருத்தி ஓடவைத்தாராம். ரவுணுக்குக் கொண்டுபோனால் மூன்று நாள் வைத்திருப்பார்களாம், அதற்குள் கச்சான் கடலைப் பயிர் காய்ந்துவிடுமாம். இவர் அன்றைக்கே தந்துவிடுவாராம். தவமலர் நிமிர்ந்து பார்க்காமல் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில் படம் எடுக்கிற பெடியன் என்ன செய்தான் தெரியுமா? அயல் வீட்டிலிருந்து ஒரு தையல் மெசினை இரண்டு பேராகத் தூக்கிவந்து வைத்திருந்தான். தவமலரைக் கை கழுவச் சொல்லி, கழுத்தில் அளவு நாடாவைப் போட்டு, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தான். அவரும் போய் நின்று சிரித்தார். எடுத்து முடிய நாடாவைக் கழட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து காபரேற்றரைக் கையில் எடுத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏன் எனக்கு இதைச் சொல்லவில்லை என்று தவமலரிடம் கேட்டேன். நீங்கள் தையல் என்று கேட்டீர்கள், நான் ஓம் என்றேன் என்று சொன்னார். குரலில் ஒரு குறையும் இல்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. யாரைப் பிடித்துக் கிழிக்கலாம் என்ற வெறியில் ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்துவிட்டேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்பதைக் கேட்க இரண்டு நிமிசம் நின்றிருந்தால் போதும். அந்த இரண்டு நிமிசத்தை நினைத்து இன்றைக்கும் என்னை நானே ஏசுகிறேன்.

ஒபிசில் ரமணனோடு பெரிய சண்டை. பிளானை மாற்றி எழுதவேண்டும் என்றேன். பிறின்ற் அடித்துக் கொடுத்தாயிற்று, ஒன்றை மாற்றினால் மற்றதையெல்லாம் கிண்டுவார்கள், அடுத்த புரொஜெக்ற் இதைவிட மூன்று மடங்கு பெரிது, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ என்றான். நான் விடவில்லை. கடைசியில் அவன் கேட்டான்:

"அவாக்கே பிரச்சினை இல்லை எண்டால் உங்களுக்கு என்ன அக்கா பிரச்சினை?"

மனச்சாட்சி இல்லாதவன் என்று திட்டினேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்து கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்டது விசர்க் கேள்வி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

4. நான் எழும்பிக் கதைத்த நாள்

இறுதித் தெரிவு கிளிநொச்சியில் ஒரு ஹோட்டலில் நடந்தது. ஏ.சி. மண்டபம், தண்ணிப் போத்தல், பற்றிஸ், கட்லற். வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர், உதவி நிறுவனத்தின் மனேஜர், மாவட்டக் கச்சேரியிலிருந்து ஒரு அதிகாரி. பயனாளி என்று சொல்கிறார்களே, அந்தப் பெண்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. அவர்களைப் பற்றின கூட்டம், அவர்களுக்கு அங்கே ஒரு கதிரை இல்லை. அதுவும் எனக்கு அன்றைக்குப் பெரிதாகப் படவில்லை.

ரமணன் கழுத்துப்பட்டி கட்டி, இங்கிலிஷில் பொழிந்து தள்ளினான். பின்னால் திரையில் படம் மாறிக்கொண்டிருந்தது. தவமலரின் படம் வந்தது. கழுத்தில் நாடா, முகத்தில் சிரிப்பு. சின்ன வயதிலிருந்தே தையலில் ஆர்வம் உள்ளவர் என்று ரமணன் புழுகினான். வெள்ளைக்காரப் பெண்மணி தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.

நான் எழும்பினேன். தமிழில்தான் கதைத்தேன், யாராவது மொழிபெயர்க்கட்டும் என்று. இந்தப் பொம்பிளை தையல்காரி இல்லை, பம்ப் திருத்துகிறவர். இந்தப் பிளான் இவருடையது இல்லை, எங்கள் போமுடையது. இந்த நூற்றி இருபதில் எத்தனை இப்படி என்று எனக்கே தெரியாது. நாங்கள் ஒருவரிடமும் சரியாகக் கேட்கவில்லை. எழுதினது நான்தான், வெட்கமாக இருக்கிறது என்றேன்.

ரமணனின் முகத்தைப் பார்க்க எனக்கு நல்ல சந்தோசமாக இருந்தது. பொய்யில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். நான் ஏதோ பெரிய நேர்மை செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கி வந்தேன். அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. எங்கள் நிறுவனத்துக்கு, இனிமேல் கவனமாக இருக்கவும் என்று ஒரு கடிதம். அவ்வளவுதான். தவமலரின் பெயர் லிஸ்றிலிருந்து எடுக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரி தவறான தகவல் வழங்கியமை. போமுக்கு அடியில் கையெழுத்து அவருடையதாம். தையல் மெசினும் இல்லை, கடை அறையும் இல்லை. அந்த அறை லிஸ்றில் அடுத்ததாக நின்ற ஆளுக்குப் போனது.

பொய் எழுதினது நான். பொய்ப் படம் எடுத்தது எங்கள் பெடியன். மேடையில் புழுகினது ரமணன். தண்டனை அந்த மனுசிக்கு. இதைப் படிக்கிற யாராவது இது நடைமுறை, சட்டம் என்று எனக்கு விளக்கம் சொல்ல வரவேண்டாம். நான் அந்த மனேஜரின் மேசைக்கு முன்னால் ஐந்து தரம் போய் நின்றேன். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். பிழை எங்களுடையது, பேரை வெட்டுவதென்றால் எங்கள் பேரை வெட்டுங்கள் என்றேன். அவர் ரீ எடுத்துத் தந்தார். ஃபைல் மூடியாயிற்று என்றார். ரீயைக் குடிக்காமல் வந்தேன்.

5. தவமலர் கேட்டது

வேறு யாரும் சொல்ல முதல் நானே சொல்லவேண்டும் என்று உடையார்கட்டுக்குப் போனேன். சொல்லப்போனால், எனக்கு நன்றி சொல்வார், இல்லாவிட்டால் அழுவார், நான் ஆறுதல் சொல்லலாம் என்று ஒரு எண்ணத்தோடுதான் போனேன். அந்த வெட்கக்கேட்டையும் எழுதுகிறேன்.

தவமலருக்கு முதலே தெரிந்திருந்தது. கதிரை எடுத்துப் போட்டார். தான் இருக்கவில்லை. நான் மண்டபத்தில் எழும்பிக் கதைத்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு கேட்டார். நான் சொல்லி முடிய, அயல் வீட்டைக் காட்டினார். அந்த வீட்டில் சாந்தி என்று ஒரு பிள்ளை இருக்கிறாராம். நல்லாகத் தைப்பாராம். தையல் என்று போமில் விழுந்த அன்றைக்கே தவமலர் போய் சாந்தியோடு கதைத்திருக்கிறார். கடை அறை கிடைத்தால் முன்னுக்கு உதவியில் கிடைக்கிற தையல் மெசினில் சாந்தி தைப்பது, பின்னுக்குத் தவமலர் பம்ப் திருத்துவது. றோட்டுக்கரை என்றால் மாங்குளம் பக்கத்து மெசின்களும் வரும். சாந்தி லிஸ்றில் இல்லை, அதனால் இருவருக்கும் அது ஒரு வழி. கடைக்கு என்ன பெயர் போடுவது என்றுகூடக் கதைத்து வைத்திருந்தார்களாம். அன்றைக்கு நான் ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு ஓடும்போது அவர் எனக்குச் சொல்ல வந்தது இதைத்தான்.

நூற்றி இருபது பிளானில் உண்மையான பிளான் அது ஒன்றுதான். ஒரு எம்.பி.ஏ.யும் இல்லாமல், பட்டனும் இல்லாமல், இரண்டு பொம்பிளைகள் வேலிக்கு அங்காலும் இங்காலும் நின்று போட்ட பிளான். எங்களுடைய முட்டாள் போமையே வளைத்துத் தங்களுக்குத் தோதாக்கி வைத்திருந்தார்கள். நான் போய் அதை மேடையேறிக் கிழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

தவமலர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எழுதேக்கையும் நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லை மிஸ். கிழிக்கேக்கையும் கேக்கேல்லை."

நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஏதோ முனகினேன்.

"உங்கட கோவத்துக்கு நீங்கள் கதைச்சனீங்கள். என்ர கடை போச்சு. இனி எழும்புங்கோ, எனக்கு வேலை கிடக்கு."

எழும்பி வந்தேன். வேலிக்கு அங்கால் சாந்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை.

6. அதற்குப் பிறகு

ரமணன் பிரிந்து போனான். பிள்ளைகளில் ஏழு பேரையும் அந்தப் போமையும் கொண்டுதான் போனான். இப்போது அவனுக்கு வவுனியாவில் இரண்டு மாடி ஒபிஸ். மேடைகளில் ஏறி, ஆலோசனை நிறுவனத்தை வளர்ப்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறான். உங்களில் சிலர் அதையும் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறீர்கள் என்று தெரியும். அவனைப் பற்றி எனக்கு இன்னும் கொதிதான். ஆனால் அவாக்கே பிரச்சினை இல்லை எண்டால் உங்களுக்கு என்ன என்று அவன் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. தவமலரிடம் போய்க் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். அவன் ஏமாற்றுவதற்காகக் கேட்காமல் விட்டான், நான் நேர்மையாக இருப்பதற்காகக் கேட்காமல் விட்டேன். தவமலருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது நாங்கள் மூன்று பேர். மெதுவாகத்தான் ஆட்கள் வருகிறார்கள். நெடுங்கேணியில் மாடு வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர் தயிர்த் தொழிலைப் பதிவு செய்ய வந்தார்கள், அக்கராயனிலிருந்து விதைநெல் போடுகிற ஒரு குடும்பம் வந்தது. முதல் தரம் ஆளின் இடத்துக்குப் போகும்போது போமும் கொண்டுபோவதில்லை, பேனையும் கொண்டுபோவதில்லை. ஓம் என்றால் அங்கேயே நிறுத்தி, ஏன் ஓம் என்கிறீர்கள் என்று கேட்கிறோம். சனத்துக்கு அது எரிச்சல். ஒரு கிழவர் என்னை விசரி என்று ஏசிக்கூட இருக்கிறார். ஏசட்டும். எழுதினதை வாசித்துக் காட்டாமல் ஒரு தாளும் எங்கள் ஒபிசை விட்டுப் போகாது. உங்களுக்கு என் புத்திமதி வேண்டுமென்றால் இதுதான்: உங்கள் வாடிக்கையாளருக்காக நீங்கள் கோபப்படுவதென்றாலும் அவர்களிடம் ஒருதரம் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வருசம் மாரி மழை தொடங்க முதல், ஒரு காலைநேரம் தவமலர் எங்கள் ஒபிசுக்கு வந்தார். நான் எழும்பிக் கதிரையை இழுத்துவிட்டேன். இருந்தார். சுகம் விசாரிக்கவில்லை. தன் காணியில் ஒழுங்கையை ஒட்டி ஒரு கொட்டில் போட்டு மெசின் திருத்தும் கடை வைக்கவேண்டும், பிரதேச சபையில் அனுமதி கேட்க ஒரு கடிதம் வேண்டும் என்றார். பக்கத்தில் எழுதித்தரக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லாததால் வந்ததாகவும் சொன்னார்.

"நான் சொல்லுறதை எழுதுங்கோ. எழுதினதை வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார்.

எழுதினேன். வாசித்தேன். "கணவனை இழந்த, பெண் தலைமைத்துவக் குடும்பத்தைச் சேர்ந்த..." என்று முதல் வரியிலேயே என் கை பழக்கத்தில் எழுதியிருந்தது. அவர் கையை உயர்த்தினார்.

"மெசின் திருத்துறதுக்கு அது என்னத்துக்கு மிஸ்? அதை எடுங்கோ. பன்னிரண்டு வருசமா பம்ப் திருத்துறன் எண்டு போடுங்கோ."

எடுத்தேன். அவர் சொன்னபடி போட்டேன். திரும்ப முழுவதையும் வாசித்தேன். இன்னொரு இடத்தில் "தயவுடன்" என்று இரண்டு தரம் வந்திருந்தது, ஒன்று போதும் என்றார். அதையும் எடுத்தேன். பிறகு அவரே கடிதத்தை வாங்கி, விரலை வரிக்குக் கீழே வைத்து மெதுவாக வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பிரதேச சபையில் எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், நானும் கூட வந்து கதைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் மிஸ், நானே கதைக்கிறன்" என்றார். கடிதத்தை மடிக்காமல் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.